ஏசி ஃபேன் 4-ல மட்டும் ஓடுதா? 12,331 ரூபாய் எஸ்டிமேட் 2,340-ல முடிஞ்ச கதை



உங்க கார்ல ஏசி ஃபேனை 1, 2, 3-ல வெச்சா சத்தமே இல்லை, 4-ல வெச்சா மட்டும் 'ஹோ'ன்னு முழு வேகத்துல ஓடுதா? அப்படின்னா சர்வீஸ் சென்டருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. போன மே மாசம் எனக்கு இதே பிரச்சினை வந்தது. நான் ஒரு தப்பு பண்ணி, அதுக்கப்புறம் சரி பண்ணேன். எவ்வளவு மிச்சமாச்சுங்கிற கணக்கை விட, அந்தத் தப்பு எங்கே நடந்ததுங்கிறதுதான் உங்களுக்கு அதிகமா உதவும்னு நினைக்கிறேன்.

நம்ம வண்டி 9 வருஷ பழைய ஹேட்ச்பேக். லோன் முடிஞ்சு 4 வருஷம் ஆச்சு. சென்னை மே மாச வெயில்ல ஃபேன் நாலாவது ஸ்பீடுல மட்டும் ஓடினா எப்படி இருக்கும்? முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். அதுக்கப்புறம் முகத்துல புயல். பக்கத்து சீட்ல இருக்கிறவங்க பேசுறது காதுல விழாது, போன் பேச முடியாது, பின்சீட்ல அம்மா "டேய், காது வலிக்குதுடா, அதை நிறுத்தேன்"னு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. நிறுத்தினா வேர்வை.

சர்வீஸ் சென்டர்ல வண்டியை விட்டேன். மத்தியானம் வாட்ஸ்அப்ல எஸ்டிமேட் வந்தது:

ப்ளோயர் மோட்டார் அசெம்ப்ளி – 5,900
ரெசிஸ்டர் – 1,350
லேபர் – 2,000
ஏசி டக்ட் க்ளீனிங் – 1,200
ஜிஎஸ்டி 18% – 1,881
மொத்தம் – 12,331 ரூபாய்

மாசக் கடைசி. கையில இருந்தது அதுக்கும் கம்மி. கூடவே சர்வீஸ் அட்வைசர் போன்ல ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டார்: "சார், வண்டி ஒம்போது வருஷம் ஆச்சு. இனிமே ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். எக்ஸ்சேஞ்ச்ல நல்ல ஆஃபர் ஓடுது, ஒரு தடவை ஷோரூம் பக்கம் வந்து பாருங்களேன்."

நண்பர்களே, கொஞ்சம் இங்கே நில்லுங்க. நம்மள மாதிரி சம்பளக்காரங்க சிக்குற இடம் இதுதான். 12,000 ரூபாய் ரிப்பேர் பெரிசா தெரியும், மாசம் 12,600 ரூபாய் இஎம்ஐ சின்னதா தெரியும். 6 லட்சம் ரூபாய் கார் லோனை 9.5% வட்டியில 5 வருஷத்துக்குப் போட்டா மாசத் தவணை தோராயமா 12,600 ரூபாய் வரும். அதாவது எஸ்டிமேட் தொகையை ஒரு தடவை கட்டத் தயங்கி, அதே தொகையை 60 தடவை கட்டக் கையெழுத்துப் போடுறோம். வட்டி மட்டும் 1.56 லட்சம். ஒரு ஃபேன் ஸ்பீடு வேலை செய்யலைங்கிறதுக்காக!

நானும் அன்னைக்கு சாயங்காலம் ஷோரூம் வெப்சைட்ல கலர் செலக்ட் பண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பொய் சொல்ல விரும்பல.

எது செத்தது?

அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தேடிப் படிச்சப்போ ஒரு விஷயம் புரிஞ்சது. நாலாவது ஸ்பீடுல ஃபேன் ஜோரா ஓடுதுன்னா மோட்டார் சாகலை. பின்ன எதுக்கு 5,900 ரூபாய்க்கு மோட்டார்?

இது எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடலாம். நம்ம தாத்தா பாட்டி வீட்ல சீலிங் ஃபேனுக்கு ஒரு பெரிய டப்பா ரெகுலேட்டர் இருக்குமே, ஞாபகம் இருக்கா? கையை வெச்சா சூடா இருக்கும். மேனுவல் ஏசி இருக்கிற கார்கள்லயும் கிட்டத்தட்ட அதே வித்தைதான். மோட்டாருக்குப் போற கரண்ட் ரெசிஸ்டர் வழியா போகும். 1-ல வெச்சா அதிகத் தடை, மோட்டார் மெதுவா சுத்தும். 2, 3-ல தடை குறையும். 4-ல வெச்சா கரண்ட் ரெசிஸ்டர் பக்கமே போகாம நேரா மோட்டாருக்குப் போயிடும். அதனாலதான் ரெசிஸ்டர் எரிஞ்சு போனா 1, 2, 3 செத்து, 4 மட்டும் உயிரோட இருக்கு. மெக்கானிக்குங்க இதை 'ஏசி ரெசிஸ்டன்ஸ்'னும் சொல்வாங்க, 'ப்ளோயர் ரெகுலேட்டர்'னும் சொல்வாங்க. எப்படிக் கேட்டாலும் கடையில புரியும்.

இந்தச் சின்னப் பொருள் எவ்வளவு சூடாகும்னு ஒரு உதாரணக் கணக்கு பாருங்க. 2 ஓம் தடை வழியா 4 ஆம்பியர் கரண்ட் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 4 × 4 × 2 = 32 வாட். நாம வீட்ல வெச்சிருக்கிற சாதாரண சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான். டேஷ்போர்டுக்குள்ள ஒரு சோல்டரிங் அயர்னை எப்பவும் ஆன் பண்ணி வெச்ச மாதிரி! அதனாலதான் ரெசிஸ்டரை ப்ளோயர் ஊதுற காத்துப் பாதையிலேயே பொருத்துறாங்க. ஃபேன் காத்துதான் அதைக் குளிர வைக்குது. காத்து நின்னு சூடு எல்லை மீறினா, அதுல இருக்கிற தெர்மல் ஃப்யூஸ் உருகி, லைனை வெட்டிடும். தெர்மல் ஃப்யூஸ் போறது பழுதுன்னு நினைக்காதீங்க. அது தன் வேலையைச் செஞ்சுட்டுச் செத்துப்போச்சு, அவ்வளவுதான்.

உங்க வண்டியில வேற அறிகுறி இருந்தா கதையும் வேற. நாலு ஸ்பீடுமே இல்லைன்னா முதல்ல ஃப்யூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் மோட்டார். ரெசிஸ்டரை மாத்தி பிரயோஜனம் இல்லை. மோட்டாரை லேசா ஒரு தட்டு தட்டினா ஓட ஆரம்பிக்குதுன்னா உள்ளே கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு. ஒரே ஒரு ஸ்பீடு மட்டும் இல்லைன்னா ரெசிஸ்டர்ல ஒரு சுருள் போயிருக்கலாம், இல்ல டேஷ்போர்டு நாப் பின்னாடி இருக்கிற சுவிட்ச் போயிருக்கலாம். ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோல் வண்டியா இருந்தா உங்களுக்கு இந்தச் சுருள் ரெசிஸ்டரே இருக்காது. அதுக்குப் பதிலா டிரான்சிஸ்டர் வெச்ச ஒரு மாட்யூல் இருக்கும். விலையும் கூட. அது போச்சுன்னா ஃபேன் சுத்தமா நிக்கலாம், இல்லைன்னா ஆஃப் பண்ணினாலும் நிக்காம ஓடலாம்.

என் தப்பு: 350 ரூபாய் ரெசிஸ்டர்

வண்டியை ரிப்பேர் பண்ணாமலே சர்வீஸ் சென்டர்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன். ஆன்லைன்ல தேடினேன். 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்'னு போட்டு, பிராண்ட் பேர் எதுவும் இல்லாம 350 ரூபாய்க்கு ஒரு ரெசிஸ்டர். ஆர்டர் போட்டேன். ரெண்டு நாள்ல வந்தது.

மாத்துறது உண்மையிலேயே சுலபம். எங்க வண்டியில அது இடது பக்க சீட்டுக்கு முன்னாடி, டேஷ்போர்டு பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கு. நம்ம ஊர் சின்னக் கார்கள் நிறையத்துல அந்த ஏரியாவுலதான் இருக்கும். சாவியை எடுத்துட்டு, ஃபேன் ஓடியிருந்தா கால் மணி நேரம் ஆற விட்டேன். பாக்ஸைக் காலி பண்ணி, ரெண்டு பக்கமும் உள்ளே அழுத்தினா அது கீழே இறங்கிடும். ப்ளோயர் மோட்டாருக்குப் பக்கத்துல ரெண்டு ஸ்க்ரூ, ஒரு கப்ளர். கப்ளரோட லாக்கை அழுத்தி உருவணும், ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. குட்டை ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு இருந்தா போதும். பழசைக் கழட்டி, புதுசை வெச்சு, நாலு ஸ்பீடும் டெஸ்ட் பண்ணி முடிக்க 25 நிமிஷம் ஆச்சு.

நாலு ஸ்பீடும் ஓடிச்சு. 350 ரூபாய்ல முடிஞ்சுதேன்னு ஒரே பெருமை. ஆபீஸ்ல ஒருத்தர் விடாம சொன்னேன்.

23-வது நாள், ஓஎம்ஆர் டிராஃபிக்ல நிக்கும்போது பிளாஸ்டிக் கருகுற வாடை. முதல்ல பக்கத்து வண்டின்னு நினைச்சேன். அப்புறம் ஃபேன் 2-லேர்ந்து தானா நின்னுடுச்சு. வண்டியை ஓரங்கட்டி பாக்ஸை இறக்கிப் பார்த்தா, கப்ளர் ஒரு பக்கம் பழுப்பா உருகி ரெசிஸ்டரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பின்சீட்ல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. அந்த நிமிஷம் எனக்கு 12,331 ரூபாய் பெரிசாவே தெரியலை.

ஏன் எரிஞ்சது?

மறுநாள் எங்க ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன். முப்பது வருஷமா அதே கடை. நான் போன கதையை எல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, பழசு எரிஞ்சுச்சு, சரி. ஏன் எரிஞ்சுச்சுன்னு பார்த்தியா?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை.

"அண்ணே, அது... வயசாகி எரிஞ்சிருக்கும்."

"வயசானதுக்கு எல்லாம் கப்ளர் உருகாது தம்பி."

டிசி கிளாம்ப் மீட்டரை மோட்டார் ஒயர்ல மாட்டி 4-ல ஓட விட்டார். 19 ஆம்பியர் காட்டிச்சு. அப்புறம் மூணு ஸ்க்ரூ கழட்டி ப்ளோயர் மோட்டாரைக் கீழே இறக்கினார். உள்ளே இருந்து வந்ததைப் பார்க்கணுமே! எங்க அபார்ட்மென்ட்ல வண்டி நிக்குறது புங்க மரத்தடியில. ஏப்ரல், மே-ல அந்த மரம் பூவாக் கொட்டும். கண்ணாடிக்கு முன்னாடி இருக்கிற சல்லடை வழியா அந்தப் பூவும் சருகும் உள்ளே இறங்கி, ஃபில்டரை ஒரு மெத்தை மாதிரி அடைச்சிருக்கு. ஃபில்டர் ஓரத்து இடுக்கு வழியா போனது ப்ளோயர் வீல்லயும் ஷாஃப்ட்லயும் முடியோட சேர்ந்து சுத்திக்கிட்டு இருந்தது.

அவர் விளக்கினப்போதான் கோர்வையா புரிஞ்சது. மொத்தம் மூணு விஷயம். ஃபில்டர் அடைச்சதால காத்து குறைஞ்சது. காத்து குறைஞ்சா ரெசிஸ்டரைக் குளிர வைக்க ஆளில்லை. ரெண்டாவது, ஷாஃப்ட் இறுக்கமா சுத்தினதால மோட்டார் அதிக கரண்ட் இழுத்தது. கரண்ட் 25% கூடினா அதே தடையில சூடு 25% கூடாது, 56% கூடும். ஏன்னா சூடு கரண்டோட வர்க்கத்தைப் பொறுத்தது. மூணாவது கப்ளர். பழைய ரெசிஸ்டர் எரிஞ்சப்பவே அதோட பின்கள் சூட்டுல தளர்ந்து போயிருக்கு. தளர்ந்த பின்ல புது ரெசிஸ்டரைச் செருகினா அந்த இணைப்பிலேயே சூடு பிறக்கும். நான் கழட்டும்போது கப்ளர் ஒரு ஓரத்துல லேசா பழுப்பா இருந்ததைப் பார்த்தேன், 'பரவால்ல'ன்னு செருகிட்டேன்.

அப்போ 350 ரூபாய் ரெசிஸ்டர் மட்டமானதா? மட்டமானதுதான், பின் தகடு கையில வளையுது. ஆனா அன்னைக்கு நான் 1,350 ரூபாய் ஒரிஜினலைப் போட்டிருந்தாலும் அதே கதிதான், சில மாசம் தள்ளிப் போயிருக்கும். சர்வீஸ் சென்டர் மோட்டார் அசெம்ப்ளியோட மாத்தணும்னு சொன்னதுல ஒரு நியாயமும் இருந்தது: மோட்டார் இறுகியிருந்தது உண்மை. ஆனா கழட்டிச் சுத்தம் பண்ணிப் பார்க்கலாம்னு அவங்க சொல்லலை. ஏன் மோட்டார்னும் யாரும் எனக்குச் சொல்லலை. நானும் கேட்கலை.

எலக்ட்ரீஷியன் வீலைக் கழுவி, ஷாஃப்டைச் சுத்தம் பண்ணி மறுபடி மாட்டினார். மீட்டர் 13 ஆம்பியர் காட்டிச்சு. "இதுக்கு மேல மோட்டார் வேணாம் தம்பி. பதினெட்டுக்குக் கீழ இறங்கலைன்னா மாத்தச் சொல்லியிருப்பேன்." அப்படி மாத்த வேண்டியிருந்தாலும் வெளியில நல்ல கம்பெனி மோட்டார் 2,200 ரூபாய்னு விலை கேட்டு வெச்சிருந்தார்.

என் கணக்கு இதுதான்: வீணாப்போன ரெசிஸ்டர் 350. பிராண்டட் ரெசிஸ்டர் 890. ஒயரோட புது கப்ளர் 220. கேபின் ஃபில்டர் 280. கூலி 600. எல்லாம் சேர்த்து 2,340 ரூபாய். (விலைகள் எங்க வண்டிக்கு, நான் வாங்கின அன்னைக்கு உள்ளவை. உங்க மாடலுக்கு மாறும்.)

இங்கிலாந்துல நடந்தது

'ஒரு ஃபேன் ரெசிஸ்டர்தானே, இவ்வளவு பில்டப் எதுக்கு'ன்னு தோணுதா? பிரிட்டன்ல வாக்ஸ்ஹால் ஸஃபீரா பி-ன்னு ஒரு ஃபேமிலி கார். அதுல நூத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தீப்பிடிச்சு எரிஞ்சுது. தீயோட ஆரம்பம் டேஷ்போர்டு பக்கம், இதே ப்ளோயர் ரெசிஸ்டர் ஏரியா. 2015 கடைசியில 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. கம்பெனி முதல்ல சொன்ன காரணம், ரெசிஸ்டர்ல இருக்கிற தெர்மல் ஃப்யூஸை வெளியில யாரோ தப்பா ரிப்பேர் பண்ணியிருக்காங்க என்பது. ஆனா சரி பண்ணி அனுப்பின வண்டிகள்லயும் சிலது தீப்பிடிச்சது. 2016-ல ரெண்டாவது தடவை திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. ஈரம் இறங்கி மோட்டார் துருப்பிடிச்சு இறுகுறதும், அதனால ரெசிஸ்டர் சூடாகுறதும் அப்போதான் கணக்குல வந்தது. 2017-ல பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தோட போக்குவரத்துக் குழு அந்தக் கம்பெனியைக் கடுமையா விமர்சிச்சு அறிக்கையே வெளியிட்டது.

எங்க ஏரியா அண்ணன் ஒரே கேள்வியில கேட்டதைத்தான் அவங்க ரெண்டு ரீகால் போட்டுக் கண்டுபிடிச்சாங்கன்னு எனக்குத் தோணும். அது இருக்கட்டும்.

இதுல நீங்க எடுத்துக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. யூடியூப்ல 'தெர்மல் ஃப்யூஸை மட்டும் 20 ரூபாய்க்கு மாத்துங்க'ன்னும், 'ஃப்யூஸை பைபாஸ் பண்ணி டைரக்ட் ஒயர் போடுங்க'ன்னும் நிறைய வீடியோ சுத்துது. சில மெக்கானிக்குங்களும் 'டைரக்ட் பண்ணித் தர்றேன் சார், நூறு ரூபா குடுங்க'ம்பாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஃப்யூஸ் இல்லாத ரெசிஸ்டர் அடுத்த தடவை சூடானா வெட்ட ஆள் கிடையாது. சோல்டர் பண்ணி புது ஃப்யூஸ் வெச்சா, சோல்டர் சூட்டிலேயே அந்த ஃப்யூஸ் போயிடும் இல்ல பலவீனமாயிடும். நம்ம சேனல்ல பணத்தை மிச்சம் பிடிக்க ஆயிரம் வழி பேசுறோம். இந்த ஒரு வழியை நான் எப்பவும் சொல்ல மாட்டேன்.

கடையில எதைக் கேட்டு வாங்கணும்?

'ஆஃப்டர்மார்க்கெட்'னா டூப்ளிகேட்னு நம்ம மக்கள் மனசுல ஒரு குழப்பம் இருக்கு. ரெண்டும் வேற. கார் கம்பெனி பெட்டியில வர்றது ஜெனுயின். ஆனா கார் கம்பெனி ஏசி பார்ட் எல்லாத்தையும் தானே செய்யுறதில்லை. சுப்ரோஸ், டென்சோ, வலேயோ, ஹனான், மாலே மாதிரி கம்பெனிகள்தான் கார் கம்பெனிகளுக்கு ஏசி சிஸ்டம் செஞ்சு குடுக்கிறாங்க. மாருதி கார்களுக்கு சுப்ரோஸ் ரொம்ப காலமா சப்ளை பண்றாங்க. இப்படிப்பட்ட கம்பெனி தன்னோட சொந்தப் பெட்டியில வெளி மார்க்கெட்டுக்கு விக்கிறதும் உண்டு. அது கிடைச்சா எனக்கு முதல் சாய்ஸ் அதுதான். அடுத்தது, கார் கம்பெனிக்கு சப்ளை பண்ணாட்டியும் பேர், முகவரி, எம்ஆர்பி, பார்ட் நம்பர் போட்டு, பில்லோட விக்கிற வேற பிராண்டுகள். இதுவும் சட்டப்படியான, நியாயமான சாமான்தான். டூப்ளிகேட்னா அடுத்தவன் பேரைப் போட்ட போலிப் பெட்டி. என் 350 ரூபாய் ரெசிஸ்டர் இந்த மூணுலயும் சேராது. அதுக்குப் பேரே கிடையாது.

சென்னையில இருக்கிறவங்களுக்கு ஜி.பி. ரோடு தெரியும். புது ஸ்பேர் பார்ட்ஸ், ஆக்சஸரீஸ் கடைகள் வரிசையா இருக்கும். புதுப்பேட்டை பழைய பார்ட்ஸுக்குப் பேர் போனது. கதவு, கண்ணாடி, பம்பருக்கு புதுப்பேட்டை நல்ல இடம். ரெசிஸ்டர் மாதிரி சூடாகித் தேயுற சாமானை அங்கே பழசா வாங்காதீங்க. எத்தனை வருஷம் வெந்ததுன்னு யாருக்கும் தெரியாது.

கடைக்குப் போகும்போது கழட்டின பழைய பார்ட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க. நான் போட்டோ மட்டும் காட்டினேன். கடைக்காரர் சிரிச்சார்: "தம்பி, இதே மாடல்ல மூணு விதம் இருக்கு. பின் எண்ணணும், சாமானைக் கொண்டு வாங்க." ஒரே மாடல்ல முன்னாடி வந்த வெர்ஷன், பின்னாடி வந்த வெர்ஷன்னு ஏசி சிஸ்டம் மாறியிருக்கும். பின் எண்ணிக்கை, கப்ளர் வடிவம், ஸ்க்ரூ ஓட்டைகளோட இடைவெளி, பார்ட் மேல அச்சடிச்ச நம்பர், இந்த நாலும் ஒத்துப்போகணும். ஆன்லைன்ல வாங்கினா மாடல் பேரை வெச்சுத் தேடாதீங்க, பார்ட் நம்பரை வெச்சுத் தேடுங்க. ரிட்டர்ன் வசதி இருக்கான்னு பாருங்க. சில கடைகள்ல எலக்ட்ரிகல் சாமானை ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க, அதை முன்னாடியே கேட்டுடுங்க. ஜிஎஸ்டி பில் கேளுங்க. 2025 செப்டம்பர் 22-லேர்ந்து வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18%. பழைய 28% கணக்குல யாராவது எஸ்டிமேட் நீட்டினா விசாரிங்க.

அப்போ சர்வீஸ் சென்டரே வேண்டாமா?

அப்படிச் சொல்லலை. வண்டி வாரன்டியில இருந்தா யோசிக்காம அங்கேயே போங்க. எக்ஸ்டென்டட் வாரன்டி எடுத்திருந்தா அந்த புக்லெட்டைத் தேடி எலக்ட்ரிகல் பார்ட்ஸ் லிஸ்ட்டைப் பாருங்க. ரெசிஸ்டர் அதுல இருந்தா உங்களுக்குச் செலவே இல்லாம முடியலாம். இன்சூரன்ஸை நம்பாதீங்க. சாதாரண மோட்டார் பாலிசியில மெக்கானிகல், எலக்ட்ரிகல் பிரேக்டவுனுக்கு க்ளெய்ம் கிடையாது.

வெளி மெக்கானிக்கிட்ட போனாலே வாரன்டி போயிடும்னு பயமுறுத்துறதைப் பத்தி ஒரு விஷயம். 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதிச்சது. ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸை வெளி மார்க்கெட்ல கிடைக்கவிடாம பண்றாங்க என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிட்ட போனாலே மொத்த வாரன்டியும் ரத்துன்னு பொத்தாம் பொதுவா நிபந்தனை போடக் கூடாதுன்னும் அந்த உத்தரவு சொல்லிச்சு. அதுக்கப்புறம் வழக்கு மேல்முறையீடு, கோர்ட்னு நீண்டது. அதனால 'சட்டம் என் பக்கம்'னு வாரன்டி வண்டியில நீங்களே ஒயரை வெட்டிட்டு சண்டைக்குப் போகாதீங்க. ஆனா வாரன்டி முடிஞ்ச வண்டிக்கு அந்தப் பயம் தேவையே இல்லை.

வாரன்டி முடிஞ்ச வண்டிக்கும் சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் மட்டும் வாங்குறதுல தப்பில்லை. வாங்கினதும் மூணு கேள்வி கேளுங்க. எந்தப் பார்ட் ஃபெயில் ஆச்சு? அதை எப்படி டெஸ்ட் பண்ணீங்க? அசெம்ப்ளியா மாத்தாம தனி பார்ட்டா மாத்த முடியுமா? கோபமா கேட்கத் தேவையில்லை. "சார், புரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்"னு கேட்டாலே எஸ்டிமேட்ல ரெண்டு லைன் தானா காணாமப் போறதை நான் பார்த்திருக்கேன். அந்த 1,200 ரூபாய் டக்ட் க்ளீனிங் அப்படித்தான் போச்சு.

இன்னொண்ணு, இது அவசர ரிப்பேர் இல்லை. 4-ல ஃபேன் ஓடுற வரைக்கும், கருகுற வாடை வராத வரைக்கும், ஒரு வாரம் பத்து நாள் ஓட்டலாம். வாடை வந்தா ஃபேனை ஆஃப் பண்ணிட்டு, அன்னைக்கே கப்ளரைப் பாருங்க. ஃபேன் சுத்தமா நின்னுபோச்சுன்னா, அதுவும் மழைக்காலம்னா, தள்ளிப் போடாதீங்க. முன் கண்ணாடியில பனி மாதிரி மூடினா துடைச்சுக்கிட்டே ஓட்ட முடியாது.

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் விஷயத்துல இந்த ஆஃப்டர்மார்க்கெட் ஆராய்ச்சியெல்லாம் என் சைடுல கிடையாது. அதுக்கு ஜெனுயின், இல்லைன்னா கார் கம்பெனிக்கு சப்ளை பண்றவங்களோட பார்ட் மட்டும்தான். ரெசிஸ்டர், கேபின் ஃபில்டர், வைப்பர், ஹாரன், ஃபேன் மோட்டார், இதெல்லாம் வெளியில தைரியமா பார்க்கலாம்.

மிச்சமான பணம்

எஸ்டிமேட்டுக்கும் செலவுக்கும் வித்தியாசம் 9,991 ரூபாய். அதை அப்படியே ஒரு தனி ஆர்டி-க்கு முதல் தவணை மாதிரி ஒதுக்கிட்டேன், இப்போ மாசம் 1,500 அதுல போகுது. பேரு 'வண்டி'. டயர், பேட்டரி, க்ளட்ச் எல்லாம் வரிசையா வரும்னு அந்த அட்வைசர் சொன்னது பொய்யில்லையே. 9 வருஷ வண்டிக்கு வருஷத்துக்கு 18,000 ரூபாய் எடுத்து வெச்சாலும், 12,600 ரூபாய் தவணைல ரெண்டு மாசம் கூட ஆகாது. உங்களுக்கு லோன் ஓடிக்கிட்டு இருக்கிற புது வண்டின்னா இவ்வளவு தேவைப்படாது, 500 ரூபாய்ல ஆரம்பிங்க.

வண்டி இப்பவும் அதே புங்க மரத்தடியிலதான் நிக்குது, வேற ஸ்லாட் கிடைக்கலை. அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரை உருவித் தட்டி வெக்கிறேன். பழைய சின்னக் கார்களோட பேஸ் மாடல் சிலதுல கேபின் ஃபில்டரே குடுத்திருக்க மாட்டாங்க, சருகு நேரா ப்ளோயர் வீல்லதான் விழும். உங்க வண்டியில இருக்கா இல்லையான்னு இந்த ஞாயித்துக்கிழமை பாக்ஸைக் கழட்டிப் பாருங்க. எரிஞ்ச ரெண்டு ரெசிஸ்டரையும் உருகின கப்ளரையும் பத்திரமா வெச்சிருக்கேன். வீடியோவுல கிட்டத்துல காட்டியிருக்கேன், உங்க கப்ளரும் அந்தப் பழுப்பு நிறத்துல இருந்தா புது ரெசிஸ்டரைச் செருகாதீங்க.